மணல் போட்ட பீப்பாய்

முதலில் பீப்பாயின் அடியில் மணல் போடுவோம்,
நாலு விரல் உயரத்துக்கு.
விழுந்த கோலி முன்னால் விழுந்ததில் மோதி
இரண்டாம் ஓசை எழுப்பக் கூடாது.

மூன்று பீப்பாய், மூன்று நிறம்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிரிக்கிற ஒரு முகம்,
வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி.
காம்பியாவில் வாக்கு என்பது
காதில் விழுகிற பொருள்.

நான் கணக்கு வாத்தியார்.
தேர்தலன்று மட்டும் வெறும் காது.
திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.
ஒரு டிங் கேட்டால் அடுத்தவரை விடுவேன்.
கேட்கவில்லையென்றால் கோலி மடிக்குள் போய்விட்டது.
இரண்டு கேட்டால்
போலீஸ்காரரைத் திரும்பிப் பார்ப்பேன்.

விடிந்ததுமே கெமோவோடு தகராறு.
ரொட்டிக் கூடையும் சைக்கிளுமாக
மணியடித்துக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிட்டான்.
"உன் ரொட்டியெல்லாம் ஓட்டாகிவிடும், நிறுத்தடா."
மணியைக் கழற்றி வாங்கி
மைப்புட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பதினோரு மணிக்கு பிந்தாண்டிங் சாஹோ,
வயலிலிருந்து நேராக.
முழங்கால்வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது.
விரலை மையில் முக்கும்போது கேட்டாள்:
"மூணு வருஷமாய் ஆற்று உப்பு நெல்லுக்குள் ஏறுகிறது.
மடை உடைந்ததை
இதற்குள் எப்படிச் சொல்ல?"
கோலியைக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
உள்ளே எழுத இடம் இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி.
திரைக்குப் பின்னால் வெகுநேரம் சத்தமில்லை.
வரிசை முணுமுணுத்தது.
பிறகு, டிங்.
வெளியே வந்து,
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான். இனி ஐந்து வருஷம் கழித்து."

இருட்டியதும் துளைப்பலகையில் கொட்டினோம்.
துளைக்கு ஒன்று, பலகைக்கு இருநூறு.
அவள் கோலி எதுவென்று யாருக்கும் தெரியாது.
அதுதான் அதன் கௌரவம் என்று
வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்,
சுண்ணாம்புக்கட்டியை ஆட்டி ஆட்டி.

வென்றவர் லாரியில் வந்தார், ஒலிபெருக்கியோடு.
"உங்கள் குரல் இனி என் தொண்டையில்" என்றார்.
தொண்டையோடு பாஞ்சூல் போய்விட்டார்.

மழை வந்தது. மிச்ச மடையும் போயிற்று.
பெண்கள் சொல்லச் சொல்ல
மூன்று கடிதம் எழுதினேன்.
பதிலுக்கு ஒரு காலண்டர் வந்தது.
பன்னிரண்டு மாதத்திலும் அவரே சிரித்தார்.

மன்றம் கூடுகிற செவ்வாய்க்கிழமை,
உறுப்பினரும் வருவதாகக் கேள்வி.
கெமோவின் சைக்கிளை இரவல் வாங்கி
பிந்தாண்டிங் தள்ளிக்கொண்டு வந்தாள்.
அவளுக்கு ஓட்டத் தெரியாது.
பின்னால் நாற்பது பெண்கள்.
சிலர் சைக்கிளோடு,
சிலர் கழற்றிய மணியை மட்டும் கையில் பிடித்து,
ஒருத்தி ஆட்டுக்கழுத்து மணியோடு.
மன்றத்து ஜன்னலுக்குக் கீழே நின்று அடித்தார்கள்.
உள்ளே தலைவர்
இரண்டாம் பக்கத்தை மூன்று தடவை தொடங்கினாராம்.

பள்ளிக்கூடம் எதிரே.
பின்னம் நடத்திக்கொண்டிருந்த நான்
பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன்.
பிந்தாண்டிங் மட்டும் பதினேழு.
விதிப்படி பார்த்தால்
பதினாறு செல்லாது.
போலீஸ்காரர் சாலையைக் கடந்து
என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.
நான் கரும்பலகையைப் பார்த்தேன்.
முக்கால் கூட்டல் அரை.

கடைசியில் ஓர் எழுத்தர் வந்து
ஆறு பேர் உள்ளே வரலாம், நாற்காலி ஆறுதான் என்றார்.
நாங்கள் தரையில் உட்காருகிறோம்,
அவர்களும் உட்காரட்டும் என்று
யாரோ சொன்னது கேட்டது.
யார் என்று தெரியவில்லை.

மடை இன்னும் கட்டவில்லை.
போன வாரம் அளவெடுக்க ஓர் ஆள் வந்தான்.
அவன் தனியாள், நாடா நீளம்.
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
சேற்றுக்குள் இறங்கினாள் பிந்தாண்டிங்,
"இன்னும் தள்ளி, இன்னும்" என்று
அவனை விரட்டியபடி.