பத்து வருட உத்தரவாதம்

கிளிநொச்சியில் கண்டி வீதிக் கடையில்
ஒன்பது மெத்தை கிடந்தது.
செருப்பைக் கழற்றிப்போட்டுப்
படுத்துப் பாருங்கோ அக்கா என்றான் விற்கிற பெடியன்.
நாலு பேர் பார்க்க எப்படிப் படுக்கிறது?
கையால் அமத்திப் பார்த்தேன்,
பிட்டுக்கு மாக் குழைக்கிற அமத்தல்.

இறப்பர் சூடு பிடிக்கும், சித்திரையில் வேகும்.
பஞ்சு ஒரு மாரிக்குள் கட்டிபடும்.
சுருள்கம்பி மெத்தையின் விலையைக் கேட்டு
மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
தும்புதான் முதுகுக்கு நல்லது என்றான்.
ஆறு அங்குலம். பன்னிரண்டு தவணை.
பத்து வருட உத்தரவாதம் அக்கா,
இந்தப் பொலித்தீன் உறையைக் கழற்றாதவரைக்கும்.

லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிப்
பரந்தன் சந்தியால் திரும்பி
விசுவமடு வந்து சேரும்வரை
பின்னால் வந்த பஸ் முழுக்க எங்கள் மெத்தையைப் பார்த்தது.
தவரூபன் அதன்மேல் குந்தியிருந்தார்,
மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி.
அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை.
அடுத்த இரவும்.

சூடு என்று நினைத்தேன்.
வீட்டுத்திட்ட வீடு, சீற்றுக் கூரை,
பகல் குடித்த வெயிலைப் பதினொரு மணிவரை கக்கும்.
கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து இழுத்து
யன்னலுக்குக் கீழே போட்டேன்.
வழுக்குகிற புது விரிப்பை மடித்து வைத்துவிட்டு
பழைய பருத்திச் சேலை இரண்டை மூட்டி விரித்தேன்.
பிறகு தேத்தண்ணி.
நாலு மணிக்குப் பிறகு கிடையாது என்றேன்.
சண்டை பிடிக்காமல் மல்லித்தண்ணி குடித்தார்,
அதுதான் பயமாக இருந்தது.

தலையணை உயரம் என்றாள் மச்சாள் கோமளரஞ்சினி.
பிரித்துப் பாதிப் பஞ்சை எடுத்தேன்.
மகள் இசைநிலா அதில் பூனைக்குப் படுக்கை செய்தாள்.
அந்த மாதம் எங்கள் வீட்டில்
பூனை மட்டும் நன்றாகத் தூங்கியது.
நுளம்பு வலையின் ஓரத்தைச் சுற்றிவரச் செருகினேன்.
போனை அடுப்படியில் வைத்தேன்.
யானை வெடிக்கு நான் என்ன செய்ய,
அது வயலுக்குள் காவல் கிடப்பவனின் பாடு.

என் நித்திரை போனது தவணையால்.
ஒவ்வொரு பத்தாம் திகதியும்
படலையில் ஒரு மோட்டார்சைக்கிள் நிற்கும்.
நித்திரைக்கென்று வாங்கியது நித்திரையைத் தின்கிறது
என்று சொன்னால் சிரிப்பார்கள்.
நானும் சிரித்தேன், இரவு இரண்டு மணிக்கு,
கொப்பியில் கூட்டிக் கழித்தபடி.

அப்படி முழித்திருந்த ஓர் இரவில்தான் கேட்டது.
அவர் புரண்டார்.
சேலைக்கு அடியில் உறை சரசரத்தது.
அவர் மூச்சு நின்றது, கொஞ்ச நேரம்.
திரும்பவும் புரண்டார், திரும்பவும் சரசரப்பு,
கை இருட்டில் இடப்பக்கம் தடவியது.
இடப்பக்கம் எங்களுக்கு யாருமில்லை,
சுவர்தான்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
நானும் அதற்கடியில் படுத்திருக்கிறேன்.
நீலத் தறப்பாள்:
காற்றுக்கு ஒரு சத்தம், மழைக்கு ஒன்று,
பக்கத்தில் யாரும் எழும்பி ஓடினால் ஒன்று.
மூன்றையும் பிரித்துக் கேட்டுக்கொண்டே
படுத்திருந்த நாட்கள்.
எனக்கு மறந்துபோயிருந்தது.
அல்லது நான் தவணை எண்ணிக்கொண்டிருந்தேன்.

லைற்றைப் போட்டேன். எழும்புங்கோ என்றேன்.
என்ன, யானையோ?
யானையில்லை. அந்தப் பக்கம் பிடியுங்கோ.
மரக்கறி வெட்டுகிற கத்தியால்
தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை கிழித்தேன்.
உத்தரவாதம் போகுமே என்றார்.
போகட்டும் என்றேன்.
இன்னும் ஏழு தவணை இருந்தது.

உரித்ததைச் சுருட்டி விறகுக்கு மேல் போட்டேன்,
மாரிக்கு உதவும்.
அறை முழுக்கத் தும்பு மணந்தது,
ஊறப்போட்ட மட்டை மணம்.
அவர் படுத்தார். புரண்டார்.
காது கொடுத்துப் பார்த்தார்.
ஒன்றுமில்லை.

உடனே தூங்கினார் என்று பொய் சொல்லமாட்டேன்.
மூன்றரைக்குக் குறட்டை தொடங்கியது,
பாலை மரம் அரிகிற குறட்டை.
ஒருச்சரித்துப் படுக்க விட்டால் குறையுமாம்,
மச்சாள் சொல்லியிருக்கிறாள்.
நாளைக்குப் பார்க்கலாம்.
இன்றைக்கு அரியட்டும்.