மீட்டர் நின்ற இடம்

காலாப்பட்டு. இரவு பதினொன்று பத்து.
கடல் கேட்கவில்லை, ஏசி மட்டும் இரைகிறது.
ஃப்ளூரசீன் ஒட்டிய கொழுப்புக் குமிழிகள்
குப்பியில் பச்சையாய் எரிந்துகொண்டிருந்தன.
மருந்து விட்டேன்.
மங்கின.

"பாத்தியா, சவ்வுல ஒட்டிக்கிச்சு."
மூன்று வாரமாக இதையே சொல்கிறேன்.
கருத்தரங்குக்கும் எழுதி அனுப்பியாயிற்று.

அமலோற்பவி நிமிரவில்லை.
"மருந்தை எதுல கரைச்ச?"

அமிலத்தில்தான். ஆனால் துளியூண்டு.
மீட்டரைக் காட்டினேன்: ஆறு புள்ளி ஒன்பது.
இதெல்லாம் ஒரு புளிப்பா?

"மீட்டர் நடுத்தெருவுல நிக்குது.
உன் சாயம் வீட்டு வாசல்ல இருக்கு."

எதிர்மின் சுமந்த அந்தத் தோலைச் சுற்றி
புரோட்டான்கள்,
ஏலத்துக்கு இறக்கிய மீன்கூடையைச் சுற்றும்
காக்கைகளாய்.
அங்கே நீர் இன்னும் புளிக்கும்.
சாயம் ஒன்றை விழுங்கினால் போதும்,
விளக்கு அணைந்துவிடும்.
மருந்து பக்கத்தில்கூட வந்திருக்க வேண்டாம்.

காரம் எடுத்தாள். ஒரு சொட்டு.
காத்திருந்தோம். இன்னொன்று.

பச்சை திரும்பி வந்தது,
ஏறக்குறைய முழுதாக.
மருந்தோ இன்னும் உள்ளேயேதான் கிடக்கிறது,
எதிலும் ஒட்டாமல்.

அழவேண்டும் போல இருந்தது.
அழகாகவும் இருந்தது, அதுதான் எரிச்சல்.

நோட்டில் மூன்று வாரத்தையும் குறுக்கே கோடிட்டேன்.
ஓரத்தில் தேதி, கையெழுத்து,
பஃபரைப் பாதியாய் நீர்த்தது நான் என்று ஒரு வரி.

"கடைசி பஸ் போயிருக்கும்" என்றாள்,
அடுத்த குப்பியைக் கழுவியபடி.