மைக்கில் வைத்த பெயர்

நடவுக்கு வந்தவன். முர்ஷிதாபாத்.
ஆறடி எட்டு அங்குலம்.
குனிந்தால் நிமிர நேரமாகும்,
மேஸ்திரி அதற்கும் சேர்த்துத் திட்டுவார்.
ராத்திரி ரைஸ்மில் களத்தில்
கட்டில் போதாமல்
கால் இரண்டும் தவிட்டு மூட்டைமேல்.

கொரடாச்சேரி டீமுக்கு ஓர் ஆள் குறைந்த அன்று
வேடிக்கை பார்த்தவனை உள்ளே இழுத்தோம்.
பெயர் கேட்டேன். மொஃபிஸுல் என்றான்.
மைக்கில் அது வழுக்கியது.
"இதோ வருகிறார் கோபுரம்!" என்றேன்.
கூட்டம் விசிலடித்தது.

நாங்கள் கபடி கபடி என்போம்.
அவன் மூச்சில் ஹாடுடு ஹாடுடு.
நடுவர் யோசித்தார்.
"நம்ம சடுகுடுதான் சார், விடுங்க"
டிராக்டர் மேலிருந்து எவனோ கத்தினான்.
அதற்குள் அந்தக் கை
கடைசிக் கோட்டில் பதுங்கியவனைத் தொட்டுவிட்டு
சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷம். எட்டு சில்வர் அண்டா,
ஒரு ஆட்டுக்கிடா.
கோப்பையில் எல்லாம் கோபுரம்.

நீடாமங்கலத்தில்
ஏழு பேர் மேலே விழுந்து
வலது மூட்டு போனது.
நாலு பேர் தூக்கியும்
குதிகால் தரையில் கோடு கிழித்தது.

ஓ.பி. சீட்டுக்குப் பெயர் கேட்டாள் நர்ஸ்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
மொ... என்று தொடங்கி
நின்றுவிட்டேன்.

பல்லைக் கடித்தபடி
அவன்தான் சொன்னான்:
கோபுரம்.