பதின்மூன்று அங்குல ஆறு

பழைய லேப்டாப் மண்டையைப் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை,
நான் பாதி வசனத்தில் இருந்தபோது.
திரையில் ஒரு நடிகை வாயைத் திறந்தபடி உறைந்துபோனாள்.
அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும்.
மாதக் கடைசிக்குள் அதை ஜார்ஜிய மொழியில் தட்டித் தரவேண்டியவளும் நான்தான்.

கையிலிருந்தது ஆயிரத்து எண்ணூறு லரி.
இயந்திரம் ஒன்று. ஆட்கள் இரண்டு.

மல்காஸுக்குப் பெரியது வேண்டும்.
ரியோனி ஆற்றின் நீர்மட்டம் அளப்பது அவன் வேலை,
காலை எட்டுக்கு ஓர் எண், மாலை எட்டுக்கு ஓர் எண்.
எண்களுக்கென்று வலப்பக்கம் தனி விசைகள்,
பதினேழு அங்குலத் திரை.
மார்ச் மாதம் முழுவதையும் நகர்த்தாமல் பார்க்கவேண்டுமாம்.

எனக்கு இலேசானது.
வாரம் மூன்று நாள் ஜெஸ்டபோனிக்கு வேனில்,
மடியில் பை,
பையின்மேல் யாருடைய முழங்கையோ.
அப்புறம், இரவில் தட்டினால் மழைபோலக் கேட்கக்கூடாது.
ஆறு அளப்பவன்,
மழை என்றால் எழுந்துவிடுவான்.

வாய்ப்பேச்சில் தீரவில்லை.
ஞாயிறன்று ஓட்டோடு இரண்டரைக் கிலோ அக்ரூட் வாங்கி
என் பையில் கொட்டி அவன் தோளில் மாட்டி
சந்தையிலிருந்து பக்ராத்தி தேவாலயம்வரை ஏறவைத்தேன்.
"பரவாயில்லையே" என்றான் மேலே போய்.
நெற்றி வேறொன்று சொன்னது.

அவன் மட்டும் சும்மா இருப்பானா.
அட்டைப்பெட்டியில் பதின்மூன்று அங்குலத்துக்கு ஓட்டை போட்டு
வெள்ளைப் பாலத்தின் நடுவில் என் முகத்துக்கு நேரே பிடித்தான்.
"இதற்குள் ஆற்றைக் காட்டு."
ஒரு பாறை தெரிந்தது. பாறையில் ஒற்றைச் செருப்பு.
"அழகாகத்தானே இருக்கிறது" என்றேன்.
நாங்கள் ஏதோ படம் பிடிக்கிறோம் என்று நினைத்து
வழியில் வந்த ஒருவர் ஒதுங்கி நின்றார்.

அன்றிரவு "உன் நடிகைகளுக்கு", "உன் வெள்ளத்துக்கு" என்று
கொஞ்சநேரம்.
பிறகு அதுவும் இல்லை.
வீடு அவன் அத்தையுடையது, கட்டிலும் அத்தையுடையது.
எட்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து நின்று
எதையும் தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லை எங்களுக்கு.

புதன்கிழமை மத்தியானம் தனியாகக் கடைக்குப் போனேன்.
நானே முடிவெடுத்துவிட்டு
பழியை விலையின்மேல் போடலாமென்று.

பதினொரு லேப்டாப்புகள் வரிசையாகத் திறந்து கிடந்தன.
இலேசானவற்றில் முதலாவதில்
யாரோ தட்டிவிட்டு அழிக்காமல் போன வரி:
மழை இல்லை. லம்சீரா தட்டுகிறாள்.
அடுத்ததிலும் அதே.
மூன்றாவதில் அதே, கூடவே: கொஞ்சம் சத்தம்.
நான்காவதில்: எழுந்துவிடுவேன்.
ஆறாவதில்: கேட்கவே இல்லை. ஆனால் விலை!
பெரிய திரைகள் இருந்த பக்கம்
ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

"நேற்று ஒருத்தர்," என்றான் கடைப்பையன்,
"கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார்.
வாங்கவில்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது.
தோற்கத் தயாராகிவிட்டவனோடு
எப்படி மேற்கொண்டு சண்டை போடுவது?
அந்தப் பக்கம் நடந்து பதினேழு அங்குலத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
அக்ரூட்டைவிடக் கனம்.
அதில் தட்டினேன்:
மார்ச் முழுக்கத் தெரிகிறதா?

சனிக்கிழமை சேர்ந்து போய் வாங்கியது
இருவரும் கேட்காத ஒன்று.
பதினைந்தரை அங்குலம், எண்விசைகள் உண்டு,
பையில் நுழைகிறது, ஜிப் மூடுவதில்லை.
ஜார்ஜிய எழுத்து ஸ்டிக்கர்களை அவன்தான் ஒட்டினான்.
இரண்டு இடம் மாறிப்போய்
ஒருநாள் முழுக்க என் நடிகை உளறினாள்.

இப்போது இரவு இரண்டு மணி.
"மழையா?" என்கிறான் தூக்கத்தில்.
"தூறல்" என்கிறேன்.
நம்புகிறான், ஆனாலும்
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து
கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான்
வந்து படுக்கிறான்.