வெளுப்பு

டிசம்பர் இரண்டாம் வாரம்
சூரியன் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போகிறது.
பாயாலாவிலிருந்து விட்டாங்கிக்கு
நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
ரொட்டி வண்டியில் நானும் கம்பு ரொட்டி வாசனையும்.

ஒர்யான்தான் பொருத்திக் கொடுத்தான்.
பம்பருக்கு மேல் நான்கு வட்ட விளக்கு,
கூரையில் நீளமாய் ஒன்று.
பில்லின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தான்:
"ஹைபீமோடு சேர்த்து வயர் இழுத்திருக்கிறேன்.
ஒரு விரல் போதும், அத்தனையும் அணையும்.
அந்த விரலைத் தூங்கவிடாதே.
வளைவுக்கு அப்பால் மரநுனி வெளுத்ததும் அணை.
எதிராளியின் விளக்கு கண்ணில் படட்டும் என்று
காத்திருப்பவன் கழுதை."

மற்றதைச் சாலையே சொல்லிக்கொடுத்தது.
லாரிக்குப் பின்னால் போகையில்
அவன் கண்ணாடிக்குள் உன் வெயிலைக் கொட்டாதே.
பனி கொட்டும்போது எல்லாவற்றையும் போட்டால்
உன் வெளிச்சம் உன் முகத்திலேயே அறையும்.
கலைமான் நின்றால் இரண்டு சிமிட்டு;
எதிரே வருபவனின் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.
நாயோடு நடப்பவளுக்கும் தாழ்த்து,
அவளிடம் திருப்பி அடிக்க விளக்கில்லை.
தார்ச்சாலையோரம் மூன்று வீடு வந்தால்
நடுவீட்டில் சுரங்க ஷிப்ட் முடித்தவன்
இப்போதுதான் கண் அயர்ந்திருப்பான்.

எல்லாம் தெரியும் எனக்கு.
அந்த வியாழக்கிழமை
பிளாஸ்கின் மூடி உருண்டு காலடியில் போயிற்று.
விரல் அதைத் தேடிப் போயிருந்தது.

இரண்டு நொடி.
எதிரே இரண்டு விளக்கு இருந்தன.
பிறகு இல்லை.

நிறுத்தி, பின்னால் எடுத்து, இறங்கினேன்.
மைனஸ் இருபத்தெட்டு.
பனிமேட்டுக்குள் மூக்கைப் புதைத்திருந்தது பழைய வோல்வோ.
மறுபக்கக் கதவு வழியாக
ஹில்டிங் முக்காவாரா வெளியே வந்தார்,
தொப்பியைத் தட்டிக்கொண்டு, முழுசாக.

இரண்டு மொழியில் மன்னிப்பு தயாராக வைத்திருந்தேன்.
அவர் என் வண்டியின் முகத்தையே
வெகுநேரம் பார்த்தார்.
"நல்ல விளக்குகள்" என்றார்.
அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

பிறகு டிக்கியிலிருந்து மண்வெட்டி எடுத்தார்.
"இப்போது போடு."

போட்டேன். ஐந்தையும்.
பனிமேடு கல்யாண மேடைபோல் எரிந்தது.
எங்கள் நிழல் இரண்டும்
எதிர்க் காட்டின் உச்சிவரை ஏறித்
தாமும் தோண்டின.
வெளிச்சத்துக்கு முதுகு காட்டியே நின்றார் அவர்,
ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

நடுவில் மூன்று வண்டி வந்தன.
மரநுனி வெளுத்ததும் அவர் கை உயரும்,
நான் ஓடிப்போய் அணைப்பேன்.
அவர்கள் கடக்கும்வரை
இருட்டிலேயே தோண்டினோம்.
மூன்றாவது தாது லாரி, தொண்ணூறு டன்.
எங்களைக் கண்டு தானும் தாழ்த்தி
நடைவேகத்தில் ஊர்ந்து போனது,
சாவு வீட்டைக் கடப்பதுபோல.

கயிறு கட்டி இழுத்தேன்.
நான் நீட்டிய ரொட்டிகளில்
ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போது வியாழன்தோறும் அதே வளைவு.
போன மாதம் அவர் எனக்கு முந்தித் தாழ்த்தினார்.
அடுத்த வாரம் நான் அவருக்கு முந்தி.
அதற்கடுத்த வாரம் அவர் இன்னும் முந்தி.
போட்டி முற்றி இன்றைக்கு
வளைவுக்கு இந்தப்பக்கம் அரைக் கிலோமீட்டர் நானும்
அந்தப்பக்கம் அரைக் கிலோமீட்டர் அவரும்
தடவித் தடவி வருகிறோம்
பாதிக் குருடாக,
மகா மரியாதையாக.
நடுவில் ஒரு மான் நின்றால்
இரண்டு பேருமே பார்க்கப்போவதில்லை.

ஒர்யானிடம் சொன்னேன்.
ஆயில் துணியில் கை துடைத்தபடி,
"மரம் வெளுத்ததும் என்றுதானே எழுதினேன்," என்றான்,
"வெளுக்கும் என்று நினைத்ததும் என்றா எழுதினேன்?"