நிகர எடை

வாளையாற்றில் எங்கள் எடைமேடையை
நான்கு நாள் வாடகைக்கு எடுத்தார்கள்.
கதை தேறாதென்று முதல் நாளே எனக்குத் தெரியும்.
மேடையில் நிற்கிற லாரிக்குள் அரிவாளோடு
நாயகி ஏறி ஒளிகிறாள்.
திரையில் எண் அப்படியே நிற்கிறது.
ஆள் ஏறினால் ஐம்பது கிலோ கூடுமே சார் என்றேன்.
உதவி இயக்குநன் டீ வாங்கி வரச் சொன்னான்.

ஏழு மாதம் கழித்துக் கொழிஞ்சாம்பாறையில்
இரண்டாம் ஆட்டம். நானும் டயர்க்கடை சைனுதீனும்.
இரண்டு வரிசை பின்னால்
தள்ளுவண்டிப் பூவாத்தாளும் அவள் மகளும்.

கோயமுத்தூர் கிளம்பிய லாரி
பாலக்காட்டுப் பக்கம் திரும்பியது. கொட்டகையே சிரித்தது.
ஆளை வெட்டிய கையோடு வில்லன்
தொட்டி மீனுக்கு இரை போட்டான்.
ஒவ்வொரு சாவுக்கும் மழை.
கணவாய்க் காற்று கண்ணில் மண் அள்ளிப் போடும் மாதத்தில்
கஞ்சிக்கோட்டு டாங்கரில் வந்த மழை,
ஆறாயிரம் லிட்டர்,
நான்தான் எடை போட்டுச் சீட்டுக் கொடுத்தேன்.
நான்காவது ஆளை ஏன் கொன்றாள் என்று
சைனுதீனுக்கு இன்னும் விளங்கவில்லை.
எனக்கும்தான்.

ஆனால்
முதல் அரைமணிக்குள் ஓர் இடம்.
உன் புருசன் போய்விட்டான் என்று
போலீஸ்காரன் வந்து சொல்கிறான்.
கல்லில் ஒரு தோசை, பாதி வெந்தது.
அவள் அதைத் திருப்புகிறாள்.
வேகக் காத்திருக்கிறாள்.
எதிரே நிற்கிறவன் தட்டில் வைத்துச் சட்னி ஊற்றுகிறாள்.
அடுப்பைத் திருகுகிறாள்.
குனிந்து சிலிண்டரையும்.
இரண்டடி நடந்து, திரும்பி வந்து,
மூடினோமா என்று மறுபடி தொட்டுப் பார்க்கிறாள்.

வசனமில்லை. இசைக்காரரும் எப்படியோ சும்மா இருந்துவிட்டார்.
கத்தும்மா, கத்து என்று இயக்குநர்
ஏழு டேக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.
ஏழிலும் அவள் அடுப்பைத்தான் அணைத்தாள்.

எங்கள் தொழிலில் மூன்று எண்கள்.
மொத்தம், காலி, நிகரம்.
பதினாறு சக்கர வண்டி இந்தப் படம்,
உள்ளே சரக்கு ஒரு தோசை.
மேடை அதிர்ந்தது அதற்குத்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து, கிளீனர்.
ரிவர்ஸ் எடுத்த வண்டிக்கும் சுவருக்கும் நடுவில்.
அந்த ஓட்டுநன் இன்றும் செவ்வாய்தோறும் வருகிறான்,
என் மேடையில் ஏறி இறங்கி
அவள் வண்டியிலேயே சாப்பிடுகிறான்.
அவனுக்கு மட்டும் இரண்டாம் முறை சட்னி கிடையாது.
எங்கள் ஊரில் பழி என்றால் அந்த மட்டுக்கும்தான்.

மூன்றாம் நாள் படப்பிடிப்பில், மின்சாரம் போன நேரம்,
மேக்கப் வியர்க்க என் அறை வாசலில் உட்கார்ந்து
நடிகை கேட்டாள்: நிஜத்தில் யாருக்காவது இப்படி?
அந்தம்மா அழுதாங்களா?

ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள்
அடுப்பு, சிலிண்டர், இரண்டடி, எல்லாவற்றையும்
எடுத்துக் கொடுத்துவிட்டேன்.
கேட்டு முடித்து அவள் தன் வலது கையையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பூவாத்தாள் வண்டியில்
எனக்கு ஒன்று வெந்துகொண்டிருந்தது.
படம் எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
அந்தப் புள்ளைக்கு அருவா புடிக்கத் தெரியல என்றாள்.
கல்லில் எண்ணெய் தேய்த்தாள்.
அப்புறம், முகம் பார்க்காமல்:

படத்துல அந்த ஆளு தட்டைத் தள்ளி வெச்சிட்டான்.
நீங்க தின்னீங்க.

தின்றேன். முழுதும்.
என்ன செய்வதென்று தெரியாமல்
சட்னியையும் வழித்து.

காசு கொடுத்தேனா அன்றைக்கு,
எத்தனை முறை யோசித்தும்
ஞாபகம் வரவில்லை.