பதினாறு கால்கள்

ஹெர் ஃப்ளூரியின் கடிதம் நாலே வரி.
'காலை நாலேகாலுக்கு உங்கள் கதிரை
என் தலைக்கு மேலே அழுகிறது.
இல்ல விதிகள், பிரிவு ஏழு.
அன்பான வணக்கங்களுடன்.'

அழுகிறது என்றா எழுதியிருந்தார்?
அகராதியில் அந்தச் சொல்லுக்கு மூன்று அர்த்தம்.
'கத்துகிறது' என்றார் தவபாலன்.
நான் அழுகிறது என்பதையே வைத்துக்கொண்டேன்.
அழுகைக்குத்தான் ஏதாவது செய்யலாம் போலிருந்தது.

கடையில் ஒட்டுத்துண்டு விற்கிறார்கள், எட்டு ஃபிராங்க்.
ஒட்டினோம்.
மூன்றாம் நாள் அதிலொன்று
என் காலுறையில் ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்தது.

பிறகுதான் பழைய சாமான் கடையில்
அந்தக் கடுகு நிறக் கம்பளிச் சட்டை.
யாரோ பெரிய தோள்காரர் போட்டது.
ஒரு கை போதுமென்று பிரிக்கத் தொடங்கி
கழுத்துவரை போய்விட்டேன்.

நாலரை மில்லிமீட்டர் கொக்கி.
ஆறு கண்ணியில் ஒரு வட்டம்.
அடுத்த சுற்றில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஆகப் பன்னிரண்டு.
அதற்குமேல் கூட்டாமல் குறைக்காமல்
கிணற்றுக்கு வளையம் அடுக்குவதுபோல
மேலே, மேலே.

முதலாவது தொளதொளவென்று வந்தது.
கதிரையைத் தூக்கினேன், கழன்று விழுந்தது.
ஆரணி அதை எடுத்துத் தன் அவித்த முட்டைக்குத்
தொப்பியாகப் போட்டாள்.
இரண்டாவது ஏறவே இல்லை.
எட்டு வருடமாக அந்தக் கதிரையில் இருந்து சாப்பிடுகிறேன்,
அதன் கால் அளவு எனக்குத் தெரியாது.
தையல் நாடாவோடு குசினித் தரையில் படுத்து அளந்தேன்:
ஒன்பது சென்டிமீட்டர் சுற்று.
ஒரு கால் மட்டும் ஒன்பதரை. ஏனென்று தெரியவில்லை.

ஓல்டனிலிருந்து ஆராவுக்கு ரயிலில் பத்து நிமிடம்,
மூன்று சுற்று.
வைத்தியசாலைக் குசினியில் தேநீர் இடைவேளை,
நாலு சுற்று, மேற்பார்வையாளர் நல்லவரென்றால் ஐந்து.
ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார்.
நான் ஒன்பதில் இருந்தேன்.
பேசாமல் நின்றார். பத்து. பதினொன்று.
'பன்னிரண்டு' என்று வாய்விட்டுச் சொன்னதும்
'நன்றி' என்றார்.

பதினாறாவதுக்குக் கம்பளி தீர்ந்துபோயிற்று.
பாத்திரம் துடைக்கும் துணிக்கென்று வைத்திருந்த
நீலப் பருத்தி நூலில் அதை முடித்தேன்.

நாலேகால்.
கதிரையை இழுத்தேன்.
ஒன்றுமில்லை.
நம்பாமல் திரும்பத் தள்ளி
இன்னொருதரம் இழுத்தேன்.
காலுக்குக் கொலுசு போட்டவர்கள் ஊரைக் கூப்பிடட்டும்,
நான் இருட்டில் நின்று சிரித்தேன்,
அதுவும் சத்தமில்லாமல்.

அந்த வாரம் படிக்கட்டில்
ஹெர் ஃப்ளூரி தொப்பியைத் தொட்டார்.
கிறிஸ்மஸுக்கு ஒரு பக்கெட் பிஸ்கட் கதவில் தொங்கியது.

பெப்ரவரியில் மணி அடித்தது.
கதவைத் திறந்தால் அவர்,
கண்ணைக் கால்மிதியில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.
வேலைநேரத்தை மாற்றிவிட்டார்களாம்.
ஐந்து மணிக்கு ரயில்பெட்டிகள் கழுவவேண்டுமாம்.
இரண்டு நாள் பிந்திவிட்டார், மூன்றாவதற்குக் கடிதம் வருமாம்.

'அலாரம் இல்லையா?' என்றேன்.
'இருக்கிறது. கையை நீட்டி அதன் வாயைப் பொத்திவிடுகிறேன்.
உங்கள் கதிரை எனக்கு எட்டாது.'
பிறகு இன்னும் மெதுவாக,
'எல்லாவற்றையும் அல்ல. ஒன்றை மட்டும்.
ஞாயிறு தவிர.'

பிரிவு ஏழைப் பற்றி நான் கேட்கவில்லை.

நீலத்தைக் கழற்றினேன்.
சனி இரவு மாட்டுகிறேன், ஞாயிறு இரவு கழற்றுகிறேன்,
சிலவேளை மறந்துபோகிறேன்.
மற்ற நாட்களில் அது
பால் கொதிக்கும் சட்டியின் பிடிக்கு உதவுகிறது.
அளவு சரியாகத்தான் இருக்கிறது.

நாலேகால். இழுக்கிறேன்.
மூன்று கால்கள் வாய் திறப்பதில்லை.
நாலாவது
அழவில்லை, தவபாலன் சொன்னதுதான் சரி,
கத்துகிறது.

கீழே
தண்ணீர்க்குழாய் ஒன்று திறபடும் சத்தம்.